பாலைத் தோட்டத்தில் பாலைச் செடிக்கு இடமில்லையா?

ஜோத்பூரிலும் ஜெய்ப்பூரிலும் ‘பாலைத் தோட்டம்’ என்ற பெயரில் வீடுகளின் முன் அமைக்கப்படுபவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: வெள்ளைக் கூழாங்கல், உருண்டைச் சப்பாத்திக்கள்ளி வகைகள், ஆனைக்கற்றாழை, ஓரத்தில் ஒரு புல்தரை. இக்கள்ளிகளும் கற்றாழையும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. தார் பாலைக்கே உரிய போக், கேர், கீம்ப், தோர் முதலிய புதர்ச்செடிகளை அங்கே காண்பது அரிது. காரணம் கேட்டால், ‘அவை காட்டுச் செடிகள், வீட்டில் நட்டால் பட்டுவிடும்’ என்பதே ஆயத்த விடை.

பட்டுவிடுவது உண்மைதான். ஆனால் அவற்றைக் கொல்வது வறட்சியன்று, வளர்ப்பவரின் பரிவு. குழி நிறையத் தொழுவுரம், நாள்தோறும் நீர், வேரடியில் ஈரம் காக்கும் மூடாக்கு என ரோஜாவுக்குச் செய்வதையெல்லாம் கேருக்கும் செய்தால் வேர் அழுகாமல் என்ன செய்யும்?

இப்பிழையின் வேர் சொல்லில் இருக்கிறது. தமிழ்த் திணைமரபு பாலையைத் தனி நிலமாகக் கொள்ளவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வளம் திரிந்த நிலையையே பாலை என்றது. இந்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுதியோ மணற்பாலையைத் தரிசின் ஒரு வகையாகவே எண்ணுகிறது. இரண்டின் நோக்கமும் வேறு. எனினும் பாலை என்பது ஒரு குறைபாடு என்னும் எண்ணத்தை இரண்டும் வலுப்படுத்துகின்றன. குறைபாடு என்று கொண்டுவிட்டால், அதைத் ‘திருத்த’ உரமும் நீரும் கொட்டுவது இயல்பாகிவிடுகிறது. தார் எதுவும் திரிந்து உண்டான நிலமன்று. தனக்கெனத் தாவரங்களும் உணவு மரபும் கொண்ட நிலம் அது. கேரின் காய் அங்கே ஊறுகாய். போக்கின் பூமொட்டு தயிரில் கலக்கும் உணவு.

வளர்க்கும் முறை எளிது. முதலில் மண்ணறிந்து செடி தேர்தல் வேண்டும்: தளர்ந்த மணலுக்குப் போக்கும் கீம்ப்பும், பாறைத்தரைக்குத் தோர். தோரின் பால் கண்ணுக்குத் தீங்கு என்பதால் அதை நடைபாதையிலிருந்து விலக்கி நட வேண்டும். தண்டு சிறிதாக இருக்கும்போதே ஆணிவேர் ஆழம் தேடுவதால், நாற்றை நீண்ட பைகளில் வளர்ப்பதே முறை. ஜூலையில் முதல் மழை நனைத்தபின், மணலும் சரளையும் கலந்த மேட்டில், உரமின்றி நட வேண்டும். முதலாண்டில் நீரை அரிதாகவும் ஆழமாகவும் விட்டு, வேர் பிடித்தபின் படிப்படியாக நிறுத்திவிடலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 350 மில்லிமீட்டர் பெய்யும் ஜோத்பூரின் மழையே இச்செடிகளுக்குப் போதும்.

இது வெற்றுக் கற்பனையன்று. மெஹ்ரான்கர் கோட்டையடியில் 2006இல் தொடங்கப்பட்ட ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவில், ஏறத்தாழ 70 ஹெக்டேர் பாறைநிலத்தை மூடியிருந்த சீமைக்கருவேலம் அகற்றப்பட்டது. பாறையை உளியால் பிளக்கும் கண்ட்வாலியாக்கள் என்னும் கல்தொழிலாளர்கள் வேரோடு அதை எடுத்தனர். அக்குழிகளில் அந்நிலத்துக்குரிய செடிகள் நடப்பட்டன. கொடும் பாறையில் பிழைத்தவை வீட்டு முற்றத்தில் பிழைக்காவோ?

‘அழகில்லை’ என்பது கடைசி வாதம். இலையற்ற பச்சைக் கிளைகளில் கேர் செந்நிறமாய்ப் பூப்பதைக் கண்டவர் இதைச் சொல்லமாட்டார். ஆண்டு முழுவதும் பச்சைப்புல் விரிந்திருப்பதே தோட்டம் என்று பழகிய கண்ணின் வாதம் அது. அந்தப் புல்லை வாழவைக்க ஜோத்பூருக்கு நெடுந்தொலைவிலிருந்து கால்வாய் நீர் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. குடிப்பதற்கு வந்த நீர் புல்தரைக்குப் போக, விறகுக்காக வேரோடு தோண்டப்படும் போக்கோ வெளியிலும் அருகி வருகிறது.

வீட்டுக்காரர்களை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. வறள்நிலச் சூழலியலை வகுப்பறையில் கற்பிக்கும் ராஜஸ்தானின் பல்கலைக்கழக வளாகங்களிலும் புல்தரையே முகப்பு. நாற்றுப்பண்ணைகள் கேட்பாரின்றி இச்செடிகளை வளர்க்கா. அடுத்த ஜூலைக்குள் தம் துறைக்கட்டடத்தின் முன்னுள்ள புல்லில் ஒரு பகுதியை அகற்றி, பத்துக் கேர் நாற்றுகளைக் கேட்டு வாங்கி நடட்டும், அந்தப் பேராசிரியர்களும் மாணவர்களும்.