வான்தரவும் ஒருசொல் வழக்கும்

புதுவையில் 1825ஆம் ஆண்டில் ஐந்திறக் கணியர் ஒருவர் தரையிற் சோழிகளைப் பரப்பி நிலவு மறைப்பொன்றைக் கணித்துக் காட்டினார். அதற்கு வேண்டிய எண்வாய்பாடுகள் அனைத்தும் சொற்கட்டுகளாக அவர் நெஞ்சில் இருந்தன. சென்னை வான்காணகத்தில் முன்னர்ப் பணியாற்றிய வாரன் என்பார் அதனைப் பதிந்து வைத்தார். பிழை, தொடக்கத்தில் 4 நிமையம், நடுவில் 23, முடிவில் 52. முற்றும் செப்பமான கணக்கன்று. ஆயினும் நினைவாற்றல் ஒன்றே ஏடாக நின்று செய்த கணக்கு அது. வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காண வந்து, 1769இல் முகில் மறைத்தமையால் ஏமாந்த பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தீலும் புதுவைத் தமிழரிடமே இக்கலையைக் கற்றார்.

அன்று நெஞ்சில் அடுக்கப்பட்ட வானம் இன்று கணிப்பொறிகளில் அடுக்கப்படுகின்றது. ஐரோப்பியரின் கையா விண்கலம் வழி 2022இல் வெளியான தொகுப்பில் ஏறத்தாழ 180 கோடி வான்பொருள்கள் உள. கோடைக்கானலில் 1904 முதல் எடுக்கப்பெற்ற கதிரவன் படத்தகடுகளும் எண்மப் படங்களாக்கப்பட்டு எவரும் பார்க்கத் திறந்து வைக்கப்பட்டுள்ளன.

ஒரே விண்மீனை ஒரு கருவி கண்காண் ஒளியிலும், மற்றொன்று வானொலி அலையிலும், வேறொன்று ஊடுகதிரிலும் பதிந்திருக்கும். மூன்றும் ஒரு பொருளே என்பதை மென்பொருள் எவ்வாறு அறியும்? வானில் அது நிற்கும் இடத்தை ஒப்பிட்டு அறியும். இடம் பொருந்தினால் மட்டும் போதுமா? ஒரு தொகுப்பு ஒரு பெயராலும் இன்னொன்று மறுபெயராலும் குறிப்பது ஒரே அளவைதானா என்பதும் தெளிவாக வேண்டும். இதற்கென 2002இல் பன்னாட்டு மெய்நிகர் வான்காணகக் கூட்டமைப்பு தோன்றிற்று. ஒவ்வோர் அளவைக்கும் ஒரு பொதுக் குறிச்சொல்லும், பட்டியலுக்கும் வினவுதற்கும் பொதுமுறையும் அதன்வழி வகுக்கப்பட்டன. இந்தியாவில் புனே வானியல் நடுவமும் ஒரு மென்பொருள் நிறுவனமும் கூடி இதற்கான மென்பொருள்களை ஆக்கின. இத்துணைப் பெரிய கட்டடத்தின் அடிக்கல் கலைச்சொல் ஒருமையே என்பதைத் தமிழறிஞர் உணர்ந்தனரா?

தமிழில் நிலை என்ன? பல கோடி விண்மீன்கள் கூடிய ஒரே பொருளை ஒருவர் விண்மீன் மண்டலம் என்கின்றார். ஒருவர் அண்டம் என்கின்றார். பிறிதொருவர் பேரடை என்கின்றார். நம் பால்வெளியின் பெயரையே அதற்கு இடுவாரும் உளர். 'விண்மீன் திரள்' என்பதோ அதற்கும் ஆகின்றது, அதனுள் அடங்கிய சிறு கூட்டத்திற்கும் ஆகின்றது! மண்டலம் தென்சொல்லா வடசொல்லா என்று ஓராண்டு வழக்காடலாம். 2025இல் முதற்படங்களை வெளியிட்ட சிலி நாட்டு ரூபின் வான்காணகமோ ஓரிரவில் ஏறத்தாழ 20 டெராபைட்டுத் தரவைத் திரட்ட வல்லது.

கல்விநிலையத்திற்கு நிருபதுங்கவர்மன் மூன்று ஊர்களை அளித்த செய்தியைச் செப்பேட்டில் உடையது பாகூர். அங்கும் வில்லியனூரிலும் பயிலும் மாணவர்க்கு இத்தரவுகள் விலையின்றிக் கிடைக்கும். ஆனால் வாயிற்கதவில் ஆங்கிலமே எழுதப்பட்டுள்ளது. கதவை மாற்ற வேண்டுவதில்லை. பொதுக் குறிச்சொல் உள்ளே அவ்வாறே இருக்க, திரையில் அதற்கு நேரான தமிழ்ப்பெயரைத் தோன்றச் செய்தல் மென்பொருளுக்கு அரிய செயலன்று. ஆனால் எந்தத் தமிழ்ப்பெயர் என்று அது கேட்கும். ஐந்து விடை சொன்னால் அது வாளாவிருக்கும்.

தமிழ் இணையக் கல்விக்கழகமும் புதுவை அரசும் வானியலாரையும் தமிழாசிரியரையும் ஓரவையில் அமர்த்திச் சில நூறு சொற்களையேனும் முடிவு செய்யட்டும். கோடைக்கானல் தகடுகளிலிருந்தே தொடங்கலாம்; கதிரவன்மேல் தோன்றும் கரும்புள்ளிக்குரிய சொற்கள் சிலவே.