சாந்தோமில் கைமாறிய சிமெண்ட் கம்பெனி: வதந்தியை நம்பி ஷேர் வாங்கியவர்களுக்கு கிடைத்தது என்ன?

சென்னை,

"கம்பெனி கைமாறப் போகுது, இப்பவே நாலு ஷேர் வாங்கிப் போடு." தி.நகர் புரோக்கர் ஆபீசில் இருந்து மயிலாப்பூர் டீக்கடை வரை அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இப்போது செல்போன் குரூப்களிலும் இதே பாட்டுதான். ஆட்டோ ஓட்டுபவர், துணிக்கடை ஊழியர், கொத்தனார் என்று எல்லோர் கையிலும் டீமேட் கணக்கு வந்து விட்டதால், முன்பு பணக்காரர்களோடு நின்ற இந்த வதந்தி இப்போது சீட்டுப் பணத்தையும் தொடுகிறது.

அப்படி 4 ஆண்டுகள் பேசப்பட்டு, கடைசியில் நிஜமாகவே கைமாறிய கம்பெனி ஒன்று தென்சென்னையிலேயே உண்டு. சாந்தோம் நெடுஞ்சாலை கோரமண்டல் டவர்சில் இருந்து நடந்து வந்த இந்தியா சிமெண்ட்ஸ்தான் அது. வீடு கட்டிய எவருக்கும் சங்கர் சிமெண்ட், கோரமண்டல் சிமெண்ட் மூட்டைகளைத் தெரியாமல் இருக்காது.

டி-மார்ட் முதலாளி வந்தார்

1946-ல் தொடங்கிய கம்பெனி இது. நெல்லை அருகே தாழையூத்தில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது 1949-ல். பின்னாளில் என்.சீனிவாசன் கைக்கு வந்து, கிரிக்கெட்டால் நாடு முழுக்க பெயர் பரவியது.

வதந்தி கிளம்பியது 2020-ல். கொரோனா ஊரடங்கு நேரம். டி-மார்ட் கடைகளின் நிறுவனர் ராதாகிஷன் தமானியும் அவரது தரப்பினரும் இந்தியா சிமெண்ட்ஸ் ஷேர்களை மளமளவென்று வாங்கிக் குவித்தார்கள். 2019 டிசம்பரில் 4.73 சதவீதமாக இருந்த அவர்கள் பங்கு, 2020 மார்ச்சில் 19.89 சதவீதம் ஆனது. "தமானி கம்பெனியை வளைச்சுப் போடப் போறார்" என்று மார்க்கெட்டே பேசியது.

ஆனால் நடந்தது என்ன? ஒன்றும் நடக்கவில்லை. தமானி 4 வருடம் சும்மா உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் கம்பெனி கடனிலும் நஷ்டத்திலும் தத்தளித்தது. இருந்தாலும் அதன் கையில் ஆண்டுக்கு 1 கோடியே 44½ லட்சம் டன் சிமெண்ட் தயாரிக்கும் ஆலைகளும், அதற்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் இருந்தன. வாங்க வருகிறவன் கண்ணு லாப நஷ்டக் கணக்கில் இல்லை, பூமிக்கு அடியில் கிடக்கும் கல்லில்தான்.

2024 ஜூனில் அதானி குழுமம் ரூ.10,422 கோடி மதிப்பில் ஆந்திராவின் பென்னா சிமெண்ட்டை வாங்குவதாக அறிவித்தது. இரண்டே வாரத்தில், ஜூன் 27-ந்தேதி, போட்டிக் கம்பெனியான பிர்லாவின் அல்ட்ராடெக் இந்தியா சிமெண்ட்சில் நுழைந்தது. தமானி தரப்பு வைத்திருந்த ஷேர்கள்தான் அதன் கைக்குப் போயின.

ஒரு மாதத்தில் 123 ரூபாய்

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். அல்ட்ராடெக் அன்று கொடுத்த விலை ஷேருக்கு அதிகபட்சம் ரூ.267. வாங்கியது சுமார் 23 சதவீதம். ஏன் 25 வாங்கவில்லை?

காரணம் 'செபி'யின் 2011-ம் ஆண்டு விதி. ஒரு கம்பெனியில் ஒருவர் பங்கு 25 சதவீதத்தை எட்டினால், பொதுமக்களிடம் இருந்தும் குறைந்தது 26 சதவீதத்தை வாங்க முன்வர வேண்டும். இதற்குப் பெயர் ஓபன் ஆபர். 23-ல் நின்று விட்டால் அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் ஜூன் மாதம் சின்ன முதலீட்டாளர்களுக்கு யாரும் எந்த விலையும் தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாதமே, ஜூலை 28-ந்தேதி, அடுத்த அறிவிப்பு. சீனிவாசன் குடும்பத்தார் உள்ளிட்ட நிறுவனர் தரப்பின் 32.72 சதவீதத்தை ஷேருக்கு ரூ.390 வீதம், ரூ.3,954 கோடிக்கு அல்ட்ராடெக் வாங்குகிறது என்றார்கள். இப்போது 25-ஐத் தாண்டியாகி விட்டது. அதே 390 ரூபாய்க்கு பொதுமக்களுக்கும் ஓபன் ஆபர் வந்தது.

ரூ.267 எங்கே, ரூ.390 எங்கே? ஷேர் மார்க்கெட்டின் பெரிய கில்லாடி என்று பேரெடுத்த தமானியே ஒரு மாதம் முன்னால் விற்று, ஷேருக்கு 123 ரூபாயை விட்டு விட்டார். அவருக்கே அந்தக் கதி என்றால், ஜூனில் விலை கொஞ்சம் ஏறியதும் "வந்த லாபம் போதும்டா சாமி" என்று விற்றவர்களைச் சொல்லவே வேண்டாம்.

மறுபக்கம், வதந்தியைக் கேட்டு கடைசியில் ஓடி வந்தவர்கள் கணக்கையும் பார்க்கலாம். ஜூலை அறிவிப்பு வருவதற்கு முன்பே ஷேர் 370 ரூபாயைத் தாண்டி நின்றது. அப்போது 375 வீதம் 100 ஷேர் வாங்கியவர் போட்ட பணம் ரூ.37,500. ஓபன் ஆபர் முடிந்து பணம் கைக்கு வந்தது 2025 தொடக்கத்தில். கிடைத்த லாபம் ரூ.1,500. அதிலும் வரி, புரோக்கர் கமிஷன் போக மிச்சம். பேங்க் டெபாசிட்டில் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே கதைதான், இவ்வளவு நெஞ்சுத் துடிப்பு இருந்திருக்காது.

இதில் சின்ன ஆட்களுக்கு 390 வாங்கிக் கொடுத்தது வதந்தி இல்லை, சட்டம். பழைய காலத்தில் நிறுவனர்களுக்கு மட்டும் "போட்டித் தொழில் செய்ய மாட்டேன்" என்று எழுதிக் கொடுப்பதற்காக தனியாக ஒரு தொகையைக் கொடுத்து விடுவார்கள். 2011 விதி அதை ஒழித்து விட்டது. முதலாளிக்கு என்ன விலையோ, அந்த ஆபரில் மயிலாப்பூர் பென்ஷன்காரருக்கும் அதே விலைதான்.

வளைத்தவரே வளைக்கப்பட்டார்

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1998-ல் ஐதராபாத்தின் ராசி சிமெண்ட்டை, அதன் நிறுவனர் பி.வி.ராஜூ எதிர்த்து நின்ற நிலையிலும் விடாமல் துரத்திக் கைப்பற்றியது இதே இந்தியா சிமெண்ட்ஸ்தான். ஷேருக்கு ரூ.300 தருவதாக ஓபன் ஆபர் போட்டது. அந்தக் காலத்தில் நாடே பேசிய சண்டை அது. அப்படி வாங்கிக் குவித்ததற்கான கடன் பாரம் பல ஆண்டுகள் கம்பெனியின் தோளில் கிடந்தது.

2024 டிசம்பர் 24-ந்தேதி அல்ட்ராடெக்கின் கிளைக் கம்பெனியாக இந்தியா சிமெண்ட்ஸ் ஆனது. மறுநாள் சீனிவாசன் பதவி விலகினார்.

டோனி டீம் இதோடு போய் விட்டதா என்று கேட்டவர்கள் பல பேர். இல்லை. சென்னை சூப்பர் கிங்சை தனிக் கம்பெனியாக எப்போதோ பிரித்து விட்டார்கள். அப்போது இந்தியா சிமெண்ட்ஸ் ஷேர் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுக்கு ஒன்று என கிரிக்கெட் கம்பெனி ஷேரும் கிடைத்தது. 2024-ல் விலை போனது சிமெண்ட் மட்டும்தான்.

ஆஸ்திரேலியாவில் கவிழ்ந்த கதை

சரி, இங்கே வதந்தி பலித்தது. பலிக்காவிட்டால்? அதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கதை இருக்கிறது. செல்போன் பேட்டரி, மின்சார ஸ்கூட்டர் பேட்டரி எல்லாவற்றுக்கும் லித்தியம் வேண்டும். அதைத் தோண்டும் லயன்டவுன் என்ற கம்பெனி அப்போது ஒரு கிலோகூட எடுக்கவில்லை. வெறும் நிலமும் திட்டமும்தான். இருந்தும் அமெரிக்காவின் ஆல்பமார்ல் நிறுவனம் 2023 மார்ச்சில் ஷேருக்கு இரண்டரை டாலர் தருவதாகக் கேட்டது வெளியே வந்ததும், சுமார் ஒன்றரை டாலராக இருந்த ஷேர் ஒரே நாளில் இரண்டரை டாலரைத் தொட்டது. செப்டம்பரில் 3 டாலர் வரை தருவதாகச் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் ஆஸ்திரேலியாவின் பெரும் பணக்காரர் ஜினா ரைன்ஹார்ட் நடுவில் புகுந்து 19.9 சதவீதத்தை வாங்கினார். பேரத்தைத் தடுக்க அது போதுமானது. சிக்கல் கூடி விட்டது என்று சொல்லி அக்டோபரில் ஆல்பமார்ல் விலகிக் கொண்டது. சில நாட்களில் ஷேர் 2 டாலருக்குக் கீழே. லித்தியம் விலையும் சரிய, 2024-ல் 1 டாலருக்கும் கீழே. 3 டாலர் கிடைக்கும் என்று நம்பி வாங்கியவர்கள் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காலி.

வதந்தியை யார் சரி பார்ப்பது?

இப்படிப்பட்ட செய்தி பரவினால் 24 மணி நேரத்துக்குள் உண்மையா பொய்யா என்று கம்பெனியே சொல்ல வேண்டும் என்று செபி விதி போட்டுள்ளது. 2024 ஜூன் 1 முதல் நாட்டின் முதல் 100 பெரிய கம்பெனிகளுக்கும், அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் 250 கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். இந்தியா சிமெண்ட்ஸ் அளவுள்ள கம்பெனிகள் அந்தப் பட்டியலில் வராது. வதந்தி அதிகம் சுற்றுவதோ இந்த மாதிரி நடுத்தர, சின்ன கம்பெனிகளைத்தான்!

இருந்தாலும் காசில்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. 5 சதவீதத்தைத் தொடும் எவரும் அதை அறிவித்தாக வேண்டும். யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் 3 மாதத்துக்கு ஒருமுறை பங்குச்சந்தை இணையதளங்களில் வருகிறது. தமானி வாங்கியதும் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. அன்று சுமார் 100 ரூபாய்க்கு வாங்கி, 4 வருடம் அசையாமல் இருந்தவர்கள்தான் உண்மையில் சம்பாதித்தவர்கள். அது எத்தனை பேரால் முடியும் என்பது வேறு விஷயம்.

ஓபன் ஆபர் முடிந்தபோது அல்ட்ராடெக் கையில் 81.49 சதவீதம் சேர்ந்து விட்டது. பொதுமக்களிடம் 25 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பதால், 2025 ஆகஸ்டில் 6.49 சதவீதத்தை விற்பனைக்கு வைத்தது. 390 கொடுத்து வாங்கிய அதே ஷேருக்கு அப்போது அது வைத்த குறைந்தபட்ச விலை ரூ.368.