சுண்டல் வெந்த தண்ணீர்



புரட்டாசி வந்தாலே ஸ்ரீமுஷ்ணம் பக்கம் பயறு வாசனைதான். சனிக்கிழமைகளில் பூவராக சுவாமி கோயிலில் கூட்டம் நிறைகிறது. நவராத்திரிக்கு வீட்டுக்கு வீடு ஒவ்வொரு நாளும் ஒரு சுண்டல். ஆடிப்பட்டத்தில் விதைத்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பிடுங்கி, ஈரம் காயுமுன்னே அவித்து விற்கிறார்கள். வடக்கே விருத்தாசலத்துச் செம்மண் மல்லாட்டைக்குப் பேர் போனது. தென்கிழக்கே காட்டுமன்னார்கோவில் பக்கம், வீராணம் பாசனத்து நிலங்களில், சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னதாகவே அந்த ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவார்கள். பயறு நமக்கு வெளியூரிலிருந்து வந்த உணவு அல்ல. நம் மண்ணும் நம் அடுப்பும் நன்கறிந்தது.

அதனாலேயே அண்மைக் காலமாக நம் வாசகர்கள், குறிப்பாக இளம் தாய்மார்கள், கேட்கிற ஒரு கேள்வி என்னைக் கவலைப்பட வைக்கிறது. “பயறை வேகவைத்தால் சத்தெல்லாம் போய்விடுமாமே, பச்சையாகவே கொடுக்கலாமா?” என்கிறார்கள். செல்போனில் பார்த்த ஓர் அட்டவணையையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். காய்ந்த பச்சைப்பயறு 100 கிராமில் புரதம் 24 கிராம். வேகவைத்ததில் வெறும் 7 கிராம்!

அட்டவணை தப்பில்லை. ஆனால் இரண்டு வரியிலும் இருக்கிற 100 கிராம் ஒன்றல்ல. காய்ந்த பயறு 100 கிராம் வெந்து முடிந்தால் தண்ணீரை இழுத்துக்கொண்டு 300 கிராமுக்கும் மேலாகிவிடும். அந்த 24 கிராம் புரதமும் ஏறத்தாழ முழுமையாக அதற்குள்தான் இருக்கிறது. வெந்ததில் 100 கிராமை மட்டும் எடுத்து அளந்தால் 7 தானே வரும்? புரதம் எங்கும் போகவில்லை. தண்ணீர் வந்து சேர்ந்திருக்கிறது. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் இப்படித்தான். நெருப்பு இவற்றை அழிப்பதில்லை.

சொல்லப்போனால் பயறு வகைகளில் நெருப்பு எடுப்பதைவிடக் கொடுப்பதே அதிகம். விதை என்பது ஒரு செடியின் பிள்ளை. பூச்சியும் பிராணியும் தின்றுவிடாமல் அதைக் காக்கச் செடி சில பொருள்களை உள்ளே வைத்து அனுப்புகிறது. நம் குடலில் புரதத்தைச் செரிக்கிற டிரிப்சின் என்ற நொதியைத் தடுக்கும் பொருள் அவற்றில் ஒன்று. பச்சையாகத் தின்றால் பயறின் புரதம் உள்ளே போகும், உடம்பில் முழுமையாக ஒட்டாது. இந்தத் தடுப்பானும் ஒரு புரதம்தான் என்பதால், ஈரத்தோடு சேர்ந்த சூட்டில் உருக்குலைந்து செயலிழக்கிறது. 1917-ல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இரு அறிஞர்கள் எலிகளுக்குச் சோயா கொடுத்துப் பார்த்தார்கள். பச்சைச் சோயா மாவு தின்ற எலிகள் சரியாக வளரவில்லை. அதே சோயாவை நீர்விட்டு வேகவைத்துக் கொடுத்ததும் வளர்ந்தன. ஏன் என்பதற்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. நம் பாட்டிமார் காரணம் தெரியாமலே பருப்பைக் குழைய வேகவைத்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இப்போது நம் ஊர் மளிகைக் கடைகளிலும் ராஜ்மா கிடைக்கிறது. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் மிகுதி. அரைகுறையாய் வெந்த விதை நான்கைந்து போதும், சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். 2006-ல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, வெள்ளை பீன்ஸ் விதையைச் சில நிமிடம் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவிச் சாப்பிட்டால் உடல் மெலியும் என்றது. நம்பிச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள். வறுத்த சூடு போதவில்லை. ராஜ்மாவை ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பத்து நிமிடத்துக்குக் குறையவே கூடாது. சிறு தீயில் கொதிக்காமல் வெதுவெதுவென்று கிடந்தால் ஆபத்து. குக்கரில் வைத்தால் கவலை இல்லை. அதனுள்ளே சூடு 120 டிகிரியை நெருங்கிவிடும்.

அப்படியானால் சத்து எங்கேதான் போகிறது? பெரும்பாலும் அங்கணத்தில் போகிறது.

பயறில் இருக்கிற பி வகை வைட்டமின்கள் நீரில் கரைபவை. முக்கியமாக ஃபோலேட். கருவுற்ற முதல் வாரங்களில் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாக இன்றியமையாத சத்து இது. சூட்டில் கொஞ்சம் அழிந்தாலும், கணிசமான பங்கு வேகவைத்த தண்ணீரில் இறங்கி நிற்கும். சுண்டலை வடிதட்டில் கொட்டி, மஞ்சளாய்ச் சாயம் இறங்கிய அந்தத் தண்ணீரை ஓடவிடும்போது நாம் எதைக் கொட்டுகிறோம் என்று நினைப்பதே இல்லை. ஒரு தலைமுறைக்கு முன் இப்படிக் கொட்டியவர்கள் குறைவு. கொள்ளு அவித்தால் பயறு மசியலுக்கு, தண்ணீர் ரசத்துக்கு. துவரம்பருப்பின் தெளிவுநீர் இல்லாமல் நம் வீடுகளில் ரசமே கிடையாது. கொண்டைக்கடலை வெந்த தண்ணீரில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, பூண்டு நசுக்கி, கொத்தமல்லி கிள்ளிப் போட்டுப் பாருங்கள். காய்ச்சலில் படுத்தவரும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பார். அதுவும் முடியாத நாளில் தண்ணீரை அளந்து வையுங்கள். பயறு மூழ்கி ஒரு விரற்கடை மேலே நின்றால் போதும். வெந்து முடியும்போது வடிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஊறவைத்த தண்ணீர் வேறு கணக்கு. அதைக் கொட்டுங்கள் என்றுதான் சொல்வேன். குடலில் வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரைகள் அதில் கரைந்திருக்கும். இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்து வைக்கும் பைட்டேட் என்ற பொருளும் ஓரளவு கரைந்திருக்கும். அதோடு சிறிது வைட்டமினும் போகும், உண்மைதான். ஆனால் வயிறு உப்பும் என்று பயந்து பெரியவர்கள் பயறையே ஒதுக்குவதைவிட அந்தச் சிறு இழப்பு எவ்வளவோ மேல். மொச்சைக்கும் கொண்டைக்கடலைக்கும் இது முழுக்கப் பொருந்தும். துவரை, பாசிப்பருப்புக்கு இவ்வளவு பக்குவம் தேவையில்லை.

சோடா உப்பைப் பற்றி ஒரு சொல். கல்யாண வீடுகளிலும் விடுதிகளிலும் கொண்டைக்கடலை சீக்கிரம் வேகட்டும் என்று ஒரு சிட்டிகை தூவுகிறார்கள். வேகும், பூப்போல வேகும். ஆனால் காரம் ஏறிய கொதிநீரில் தயமின் என்ற பி1 வைட்டமின் நில்லாது. இந்த வைட்டமினுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்கரிசன் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றியது அது. அந்த அறைதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக நிற்கிறது. நாம் உண்ணும் ஒவ்வொரு தானியத்திலும் பயறிலும் என்ன இருக்கிறது என்று நாட்டுக்குக் கணக்குச் சொன்னவர்கள் குன்னூர்க்காரர்கள். பயறில் இயல்பாகவே இருக்கிற பி1-ஐ ஒரு சிட்டிகைச் சோடாவில் தொலைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. முதல் நாள் இரவே நினைவாக ஊறப்போட்டால் சோடாவுக்கு வேலை இல்லை.

பயறு வேகாததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒன்று தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் பயறின் தோலை இறுக்கிவிடும். மழைத்தண்ணீரில் பருப்பு பஞ்சாய் வேகும் என்று சொன்ன பெரியவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். இன்னொன்று புளி. புளிப்பு முன்னால் விழுந்தால் பருப்பு விறைத்துக்கொள்ளும், தக்காளியும் அப்படியே. பருப்பு மலர்ந்த பிறகே புளி. வெயில் காலத்தில் மாதக்கணக்காக மூட்டையில் கிடந்த பழைய பயறோ எத்தனை விசிலுக்கும் அசையாது. புதுப்பயறாகப் பார்த்து, குறைவாக வாங்குங்கள்.

முளைகட்டிய பயறு இப்போது ஒரு மோகம். நல்ல மோகம்தான். காய்ந்த பயறில் அநேகமாக இல்லாத வைட்டமின் சி முளைவிடும்போது புதிதாக உண்டாகிறது, பைட்டேட் குறைகிறது, வாயுவும் குறைகிறது. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹிசார் பஞ்சத்தின்போது, வைட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கி இரத்தம் கசிந்த மக்களுக்கு முளைகட்டிய கடலையையே மருந்தாகக் கொடுத்தார்கள். ஆனால் முளையைப் பச்சையாகத் தின்பதில் எனக்கு உடன்பாடில்லை. விதை முளைக்க வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் அப்படியே பொருந்தும். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈ.கோலை கிருமியால் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் படுக்கையில் விழுந்தார்கள். நம் வெந்தயம்தான், அதுவும் பயறுக் குடும்பம்தான். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதானவருக்கும் முளைப்பயறை ஆவியில் நன்றாக வேகவைத்தே கொடுங்கள். வைட்டமின் சி கொஞ்சம் குறையும், குறையட்டும். இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஈடாகிவிடும். அந்தப் புளிப்பு பயறின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவும் உதவும். சுண்டலோடு டீ குடிப்பது இதற்கு நேர் எதிர். டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைத் தடுக்கிறது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

நம் மல்லாட்டைக்கு வருகிறேன். இதுவும் பயறு இனமே. விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. ரகங்கள் நம் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கின்றன. வறுத்ததா, அவித்ததா என்று என்னைக் கேட்டால் அவித்ததுதான். கருக வறுக்கும்போது பி1-இன் பெரும்பகுதி போய்விடும்; லைசின் என்ற அமினோ அமிலமும் குறையும். அரிசியில் பற்றாத லைசினை ஈடுகட்டத்தானே சோற்றோடு பருப்பைச் சேர்க்கிறோம்? ஓட்டோடு அவித்தால் இவை பெரும்பாலும் தங்கும். வறுவலின் மணம் வேண்டுமென்றால் பொன்னிறத்தில் இறக்கிவிடுங்கள். ஆனால் ஒன்று: பூஞ்சணம் பிடித்த, சுருங்கிக் கறுத்த பருப்பை எந்த நெருப்பும் மீட்காது. அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு, சமையல் சூட்டில் முற்றாக அழிவதில்லை. நாளடைவில் ஈரலைக் கெடுக்கும். அப்படிப்பட்டதைப் பொறுக்கி எறியுங்கள். எண்ணெய்க்கு ஆகும் என்று ஒதுக்கிக்கூட வைக்காதீர்கள்.

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் அவித்துக் கொடுக்கிற சத்துணவு அமைப்பாளர்களும் சமையலர்களும் இந்த இதழைப் படிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. பல பிள்ளைகளுக்கு அந்த வாரத்தின் நல்ல புரதம் உங்கள் கையால்தான் போகிறது. பயறு வெந்த தண்ணீரை அன்றைய சாம்பாரில் சேர்த்துவிடுங்கள். தனியாக ஒரு செலவும் இல்லை. கூடுதலாக ஒரு பாத்திரமும் வேண்டாம்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். கொள்ளு, மொச்சை, காராமணி வெந்த தண்ணீரில் உங்கள் வீட்டில் அம்மாவோ ஆயாவோ என்ன செய்தார்கள்? ரசமா, குழம்பா, கஞ்சியா? அளவோடும் பக்குவத்தோடும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். ஐப்பசி இதழில் இரண்டு பக்கம் அதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்