முதலில் பிள்ளையின் கையை அளப்போம்

நம் சங்க விழா மேடைகளில் வீணை, மிருதங்கத்தோடு கிடாரும் ஏறி நாளாகிவிட்டது. இப்போது பிள்ளைகள் கேட்பது பேஸ் கிடார். இளையராஜாவின் 1980களின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த அடிநாதத்தின் அருமை தெரியும். அதனால் கேட்டதும் வாங்கித் தருகிறோம். வசதியுள்ள சிலர் சொல்லிச் செய்விக்கவும் முனைகிறார்கள். அப்போது நாம் கேட்பதெல்லாம் என்ன மரம், என்ன நிறம், என்ன விலை என்பதுதான். தந்தியின் நீளம் எவ்வளவு என்று கேட்பவர் அரிது. அதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

தலைப்பக்கத்து நட்டிலிருந்து குதிரை வரை அதிரும் தந்தியின் நீளத்தைத்தான் 'ஸ்கேல்' என்கிறார்கள். பன்னிரண்டாவது மெட்டு அதன் சரிபாதியில் விழும். 1951இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸின் அளவு 34 அங்குலம். கடைகளில் இன்றும் பெரும்பாலும் காண்பது அதுவே. ஆனால் அது வேதவாக்கு அல்ல. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்துப் புகழ்பெற்ற ஹாஃப்னர் பேஸ் ஏறக்குறைய 30 அங்குலம்தான்.

நட்டிலிருந்து நான்காவது மெட்டுக்கு 34 அங்குலக் கருவியில் 7 அங்குல தூரம். 30 அங்குலக் கருவியில் 6.2 அங்குலம். அதே தந்தியை அதே சுருதியில் கட்டினால் இழுவையும் 22 சதவீதம் குறையும். வளரும் கைக்கு இது பெரிய வித்தியாசம். எனக்குத் தெரிந்த 12 வயதுப் பெண் ஒருத்தி பெரிய கருவியோடு ஆறு மாதம் மல்லாடிவிட்டு, "எனக்கு இசை வராது" என்று உறை போட்டு வைத்துவிட்டாள். வராதது இசையல்ல, விரல் எட்டவில்லை, அவ்வளவே.

குட்டைக் கருவிக்கும் குறை உண்டு. இழுவை குறைவதால் கீழ்த்தந்தி தொளதொளக்கும். சற்றுத் தடித்த தந்தி போட வேண்டும். ஐந்து தந்திக் கருவியில் கீழே 'பி' சுரம் தெளிவாக ஒலிக்க 34, 35 அங்குலமே நல்லது. ஆகவே பெரியவர்களுக்கும் குட்டைக் கருவியே போதும் என்று நான் வாதாடவில்லை.

"முதலிலேயே பெரியதில் பழகட்டும், கை தானாக வளரும்" என்பார்கள். கை வளரும், அதற்குள் ஆசை வாடிவிடுமே! 30 அல்லது 32 அங்குலத்தில் கற்ற விரலமைப்பு பிறகு 34க்கும் அப்படியே பொருந்தும்.

செய்விப்போர் ஒன்றை மறக்க வேண்டாம். வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. பிசகினால் மெழுகை இளக்கித் திருத்தலாம். பேஸிலோ மெட்டுக்கான வரியை மரத்தில் அறுத்துவிட்டால் அறுத்ததுதான். குதிரையைச் சிறிது முன்பின் நகர்த்தலாமே தவிர ஸ்கேலை மாற்ற இயலாது.

எனவே கலூரிலும் மட்டாஞ்சேரியிலும் உள்ள நம் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுக்குமுன் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். இரண்டு அளவுக் கருவிகளையும் மடியில் வைத்து, முதல் நான்கு மெட்டுகளில் விரல் பரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த அளவில் கை நோகாமல் நிற்கிறதோ அதுவே சரியான நீளம். மரத்தையும் நிறத்தையும் அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.