மூழ்கிய ஊரும் ஒளியின் அளவும்

1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் ஆழ்ந்தது. கடும் வரட்சியில் நீர் வடியும்போது பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளித்தோன்றுகின்றன. அவற்றின் முன் நின்று பழங்கதை கூறும் பாட்டியை டி.எஸ்.எல்.ஆர். கமராவில் வீடியோவாகப் பதிய விழையும் மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்று: ஒளியளவைக் கமராவின் பொறுப்பில் விடாதீர்கள். பின்னால் வெண்பனி படர்ந்தால் கமரா அதனைச் சாம்பல் நிறமாக்க முயலும். பாட்டியின் முகமோ இருண்டுவிடும்.

ஆகவே கையால் அமைத்தலே நன்று. விநாடிக்கு 25 படங்களாயின் சட்டர் 1/50 விநாடி. வெயில் மிகுந்தால் சட்டரை விரைவாக்கற்க. அசைவுகள் வெட்டி வெட்டித் தோன்றும். ஒளி குறைக்கும் கறுப்புக் கண்ணாடியை வில்லையின் முன் பொருத்துக. முகம் தெளியுமாறு வில்லைத் துளையையும் ஐ.எஸ்.ஓ.வையும் அமைத்தபின் பனி சற்று வெளிறினும் குறையன்று. கோயில் அடுத்த வரட்சியிலும் தோன்றும்; அதனை அறிந்த முதியோர் என்றும் இருப்பரோ?