வெட்டுவதற்கு முன் நாடியைப் பார்

கால் போனால் என்ன போகும்? நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் ஒரு பதில் சொல்வான். நடவுக்குப் போகிறவள், மூட்டை தூக்குகிறவன், சாக்கடையில் இறக்கிவிடப்படுகிறவன் வேறு பதில் சொல்வார்கள். இவர்களுக்குக் கால் போச்சுன்னா கூலி போச்சு, அடுப்பு போச்சு, பிள்ளையோட படிப்பும் போச்சு. ஆகவே கால் இரத்தக் குழாய் அடைப்புக்கான சிகிச்சை பற்றி இங்கே எழுதுவதை மருத்துவக் குறிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட வேண்டாம். யாருடைய உடம்பைக் காப்பாற்ற மெனக்கெடுகிறார்கள், யாருடைய உடம்பைச் சுலபமாக வெட்டுகிறார்கள் என்பது அரசியல் கேள்வி.

புருஷ சூக்தம் சூத்திரனைக் காலில் பிறந்தவன் என்றது. நமக்கு அந்தக் காலிலும் இடமில்லை. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்றார்கள். செருப்புத் தைத்துக் கொடுத்தவனே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். முள்ளும் கண்ணாடியும் குத்திக் குத்தி, காலில் புண் இருப்பது நம்ம சனத்துக்கு இயற்கை என்று ஊரும் நம்பியது, ஆஸ்பத்திரியும் நம்புகிறது.

நோய் இதுதான். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிந்து வழி அடைபடுகிறது. புகையிலை, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மூன்றும் இதை வளர்க்கின்றன. முதலில் கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்; நின்றால் விட்டுவிடும். ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம். பிறகு ராத்திரி படுத்தால் வலி. காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டால்தான் தூக்கம். பிறகு விரல் கறுக்கும், புண் ஆறாது. பீடி இழுக்கும் இளவயதுக்காரர்களுக்கு பர்கர் நோய் என்று இன்னொன்று வருகிறது. அதில் பீடியை அடியோடு விடுவதுதான் முதல் மருந்து. அந்தப் பீடியைச் சுற்றுகிறவர்களும் பெரும்பாலும் ஏழைப் பெண்களே.

கண்டுபிடிக்கக் கோடி ரூபாய் எந்திரம் வேண்டாம். பாதத்தின் மேலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்தால் நாடி துடிக்க வேண்டும். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்க வேண்டும். 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று பொருள். நெடுநாள் சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் இறுகிப்போய் இந்தக் கணக்கு பொய் சொல்லலாம். அப்போது விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும், டாப்ளர் எடுக்க வேண்டும்.

வெட்டாமல் குழாயைத் திறக்கும் வழி நேற்று வந்ததல்ல. 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் சார்லஸ் டாட்டர் என்கிற மருத்துவர் 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைக் குழாய் அடைப்பை உள்ளிருந்தே குழல் செலுத்தித் திறந்தார். காலை எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டு, ‘முடியாது’ என்று மறுத்த பெண் அவர். அந்த மறுப்பில்தான் இந்த வைத்தியமே பிறந்தது. 1974இல் ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் பலூனைக் கொண்டுவந்தார். இன்று தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பியை அடைப்புக்குள் நுழைத்து, பலூனை ஊதி வழி திறக்கிறார்கள். தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைக்கிறார்கள். பலர் மறுநாளே எழுந்து நடக்கிறார்கள்.

அறுபது வருசம் ஆச்சு. சேரிக்கு வந்து சேர்ந்ததா?

என் சித்தப்பாவோடு ஒரு மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தேன். வந்த டாக்டர்கள் எல்லாரும் கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தார்கள். ஒருத்தரும் நாடியில் விரல் வைக்கவில்லை. ‘காலை எடுக்கணும், கையெழுத்துப் போடுங்க’ என்றார்கள். ‘ஐயா, குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாத்தீங்களா?’ என்றேன். ‘நீ என்ன படிச்சிருக்க? எந்த ஊரு? காலனியா?’ என்று கேள்வி திரும்பி வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒருவேளை எடுத்துத்தான் ஆக வேண்டியிருந்திருக்கலாம். ஆனால் பார்க்காமல் எப்படித் தெரியும்? என் சண்டை இந்த இடத்தில்தான்.

இது நமக்கு மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் கறுப்பு மக்கள் மற்றவர்களைப்போல் மூன்று மடங்கு கால்களை இழக்கிறார்கள் என்று 2020இல் புரோபப்ளிகா எழுதியது. மிசிசிப்பியில் ஃபொலுசோ ஃபகொரேடே என்ற இதய மருத்துவர், குழாய்ச் சோதனைகூட இல்லாமல் வெட்டப்படும் கறுப்புக் கால்களுக்காகப் போராடியதை அந்தக் கட்டுரை சொன்னது. இத்தனைக்கும், வெட்டுவதற்கு முன் குழாயைத் திறக்க வழி உண்டா என்று பல்துறைக் குழு பார்க்க வேண்டும் என்று அந்நாட்டு இதய மருத்துவச் சங்கங்கள் 2016லேயே எழுதி வைத்திருக்கின்றன. காகிதத்தில் இருக்கும் நியாயம் சேரிக்கு நடந்து வராது என்பது அங்கேயும் உண்மை, இங்கேயும் உண்மை.

அதற்காக ஸ்டென்டைக் குலசாமி ஆக்கிவிட வேண்டாம். காசு புரளும் இடத்தில் தேவையில்லாமலே குழாய்க்குள் கம்பி விட்டு, அதனாலேயே கால் இழந்தவர்களைப் பற்றி 2023இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நடந்தால் மட்டும் வலி என்றால் முதல் சிகிச்சை பீடியை விடுவது, மாத்திரை, தினசரி நடைப் பயிற்சி. கால் போகும் நிலையிலும் ஒரே விடை கிடையாது. காலில் நல்ல சிரை இருப்பவர்களுக்கு அதை எடுத்து வைத்து மாற்றுப்பாதை போடும் அறுவை மேல் என்று 2022இல் ஓர் ஆய்வு சொன்னது. முழங்காலுக்குக் கீழான அடைப்புக்குப் பலூனே மேல் என்று 2023இல் இன்னொன்று சொன்னது. சீழ் உடம்பெல்லாம் ஏறிவிட்டால் உடனே காலை எடுப்பதுதான் உயிரைக் காக்கும். எது யாருக்கு என்று முடிவு செய்ய இரத்தநாள மருத்துவர் வேண்டும். அவர் பெருநகரத்தில் இருக்கிறார். கறுத்த விரல் கிராமத்தில் இருக்கிறது.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது தெளிவு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள், நல்லது. வருகிறவர்கள் காலையும் தொட்டு நாடி பார்க்கட்டும். அவசர நிலை தவிர, குழாய்ச் சோதனை செய்ததாக எழுத்தில் இல்லாமல் எந்தக் காலையும் எடுக்கக்கூடாது என்று ஆணை வரட்டும். மாவட்டத்துக்கு ஓர் இரத்தநாள மருத்துவரைப் போடு. எடுக்கப்பட்ட கால்கள் எத்தனை, அவை யாருடையவை என்று சாதிவாரியாகக் கணக்கு வெளியிடு. சாதியைக் கணக்கெடுக்கப் பயப்படுகிறவன்தான் சாதியே இல்லை என்பான்.

நம்ம இளைஞர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்க தெருவில் சர்க்கரை உள்ளவர், பீடி குடிக்கிறவர் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் பாதத்தில் விரல் வைத்துப் பாருங்கள். தொட்டால் தீட்டு என்று நம்மைத் தள்ளி வைத்த நாட்டில், நம்ம பெரியவர்களின் காலை நாமே தொட்டுப் பார்ப்போம். நாடி தட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். கையெழுத்துக் கேட்டு நீட்டும் தாளில் பேனாவை வைக்கும் முன் சத்தமாகக் கேளுங்கள்: குழாயைப் பாத்தாச்சா? எங்கே ரிப்போர்ட்?