எஞ்சினைக் கட்டிப்போடலாமா?

அன்புவழிபுரத்தில் நமக்கு நெடுநாள் அன்பர் ஒருவர் உளர். அவர் வீட்டில் மூத்த பிள்ளைக்குரிய மரியாதை முழுவதும் வாசலில் நிற்கும் பழைய பெட்போர்ட் லொறிக்கே உரியது. கந்தளாய் நெல்லைச் சுமந்து சுமந்து, இரு பெண்மக்களின் கலியாணத்தையும் ஒப்பேற்றிய வண்டி அது.

சென்ற மாதம் ஒருநாள், பாரத்துடன் புறப்பட்ட அந்த வண்டி, மகன் மிதியிலிருந்து காலை எடுத்த பின்னரும் அடங்காது உறுமி, எதிரேயிருந்த மதிலை நோக்கிப் பாய்ந்தது. அவன் பதறாமல் கிளச்சையும் பிறேக்கையும் ஒருங்கே மிதித்தமையால், மதிலுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு சாண் மிஞ்சியது. திறந்து பார்த்தபோது, எஞ்சினைத் தாங்கும் இடப்பக்க மவுண்டிங்கின் இறப்பர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எஞ்சின் எழும்பியபோது, மிதியோடு இணைந்த கம்பியும் இழுபட்டிருக்கிறது. இனி இறப்பரே வேண்டாம், எஞ்சினைச் செசியோடு இரும்பு வைத்து ஒட்டிவிடுவதே வழி என்றார் அன்பர். நாம் மறுத்தோம்.

எஞ்சின் சக்கரங்களைத் திருப்ப முயலும்போது, தானும் எதிர்த்திசையில் புரள முயல்கிறது. இது இயற்கை விதி. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே உடலாய் இருப்பதால், முதற் கியரில் பெருகும் முறுக்கு விசையின் எதிர்ப்பு முழுவதையும் மவுண்டிங்குகளே ஏற்கவேண்டும். லொறிகளில் அப்பெருக்கம் ஆறேழு மடங்கு வரை இருப்பதுண்டு. முன்னோக்கிச் செல்லும்போது, சாரதியின் ஆசனத்திலிருந்து நோக்க, பொதுவாக எஞ்சினின் இடப்பக்கமே மேலெழும். இடப்பக்க இறப்பர் முதலில் கிழிவதன் மர்மம் இதுவே.

இந்தச் சங்கடம் பழைய லொறிக்காரருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதே குறைக்காக 1971 டிசம்பரில் சுமார் 67 இலட்சம் செவ்ரோலே வாகனங்களைத் திருப்பி அழைக்க நேர்ந்தது. அவர்கள் எஞ்சினை ஒட்டிவிடவில்லை. இறப்பர் அறுந்தாலும் எஞ்சின் ஓரளவுக்கு மேல் எழாதபடி ஒரு கம்பி வடத்தைப் பூட்டினார்கள். அசைவைத் தடுப்பதன்று, அதற்கு எல்லை வகுப்பதே அங்கு நோக்கம்.

இரும்பால் இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? துடிப்பு எங்கும் போய்விடாது. செசிக்கும் றேடியேற்றருக்கும் சாரதியின் முதுகெலும்புக்கும் பங்கிடப்படும். கரடுமுரடான பாதையில் செசி முறுகும்போது, எஞ்சினின் கால்களே விரிசல் காணும். 1931 இல் பிளிமத் கார்களில் 'மிதக்கும் விசை' என்ற பெயருடன் இறப்பர்த் தாங்கிகள் வந்தபோது, நான்கு சிலிண்டர் எஞ்சினின் நடுக்கம் ஆசனத்தை எட்டாததைக் கண்டு ஜனங்கள் வியந்தார்களாம். மறு ஆண்டே பிரான்சில் சித்ரோயன் நிறுவனம் உரிமை பெற்று அதைக் கைக்கொண்டது. (அந்த இறப்பருக்கும் நமக்கும் உறவு உண்டு: 1876 இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் முதன்முதல் நடப்பட்ட கன்றுகளின் வழித்தோன்றல்களே நம் தோட்டங்கள்.)

சரி, எதை வாங்குவது? மலிவென்று மிகக் கடினமான வார்ப்பை வாங்கினால், அது இரும்புக்குத் தம்பியாகிவிடும். மிக மெதுவானதை வாங்கினாலோ, விசிறி றேடியேற்றரைக் கொத்தும். ஆண்டுக்கணக்கில் கடைத்தட்டில் தூங்கிய 'அசல் சாமான்' பெட்டியைக் கண்டும் மயங்கவேண்டாம். இறப்பர் கிடந்தபடியே வெடிக்கும். பழைய ரயரை வெட்டி இடையிலே செருகும் வித்தை வீடு வந்து சேர மட்டுமே உதவும். ஒரு பக்கம் மாற்றும்போது மறுபக்கத்தையும் மாற்றுதல் நன்று. அதற்கு முன் எண்ணெய்க் கசிவை அடைத்துவிடுங்கள், இயற்கை இறப்பரை எண்ணெய் ஊதச்செய்து அழித்துவிடும்.

சோதனையும் எளிது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைப்பிறேக்கை இழுத்து, கால்பிறேக்கையும் மிதித்தபடி, முதற் கியரில் கிளச்சை மெல்லத் தளர்த்தச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். முன்னே ஒருபோதும் நிற்காதீர்கள்! எஞ்சின் சற்றே சாய்ந்து நின்றால் சரி. ஒருபக்கம் குதித்தெழுந்தால் மவுண்டிங் போய்விட்டது.

அன்பர் நான்கு மவுண்டிங்குகளையும் மாற்றினார். இடப்பக்கத்தில் சிறு சங்கிலி ஒன்றையும், இரு விரல் தளர்வு விட்டு, பூட்டியிருக்கிறார். ஒவ்வொரு காலையும் மகன் புறப்படுமுன், மிதிக்கம்பி தானே திரும்புகிறதா என்று குனிந்து பார்ப்பவர் அவருடைய மனைவியார்.